கயிற்றை அறுத்தவர்

என் வயதுக்காரர்களே, உங்களுக்கெல்லாம் சமீபத்தில் ஒரு வியாதி வந்திருக்கிறது. பழைய சாமான் எதைக் கண்டாலும் கண் கலங்குகிறீர்கள். வால்வு ரேடியோ, திரி ஸ்டவ், பித்தளைக் கூஜா என்று படம் பிடித்து விடியற்காலையில் போனுக்கு அனுப்புகிறீர்கள், கீழே இரண்டு அழுகை பொம்மையையும் போட்டு. நமக்கு நடந்ததெல்லாம் அழகாக இருந்தது என்று யார் உங்களிடம் சொன்னது? நானும் ஒரு பழைய சாமானைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஆனால் கண் கலங்கிக்கொண்டு எனக்குப் பதில் போடாதீர்கள், வேண்டாம். இதைக் கேட்டால் மனசு ஒடியக்கூடிய கடைசி ஆளும் போன வருஷம் போய்ச் சேர்ந்தாயிற்று. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

எங்கள் குப்பம் திருவொற்றியூருக்கும் எர்ணாவூருக்கும் நடுவில் கடலை ஒட்டி இருந்தது. இப்போது தேடாதீர்கள். பாதியைக் கடல் தின்றுவிட்டது, மீதியில் கல்லைக் கொட்டி ரோடு போட்டுவிட்டார்கள். அந்தக் குப்பத்திலிருந்து படித்து மாநகராட்சிப் பள்ளியில் டீச்சராகி ஓய்வு பெற்றவள் நான். எர்ணாவூர் குடியிருப்பில் மூன்றாவது மாடியில், லிஃப்ட் இல்லாமல், முழங்கால் வலியோடு இருக்கிறேன்.

கொஞ்ச காலத்துக்கு முன்னால் அந்த மூன்று மாடியும் ஏறி ஒருவர் வந்தார். வெள்ளை மீசை, மடிப்புக் கலையாத சட்டை. விமானப்படையில் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவராம். அவரைப் போன்ற சிலர் சேர்ந்து ஊருக்குத் தெற்கே ஒரு காட்சிக்கூடம் வைக்கிறார்களாம். பழைய விமானத்தின் பாகங்கள், வீரர்கள் உடுத்தியது, வைத்திருந்தது எல்லாவற்றையும் சேகரித்து, கூடவே சம்பந்தப்பட்டவர்களின் ஞாபகங்களையும் பதிவு செய்கிறார்களாம்.

"கடல்ல விழுந்த பைலட்டைக் கரைக்குக் கொண்டு வந்தது உங்க அப்பாதானே மேடம்?" என்று கேட்டார்.

எங்கள் நைனாவை அப்படி ஒருவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. எனக்கே வெட்கமாகிவிட்டது. நல்ல தம்ளரை எடுத்துக் கழுவி டீ போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு அந்த மனிதர் விஷயத்துக்கு வந்தார்.

"அந்தப் பைலட் போட்டிருந்த லைஃப் ஜாக்கெட் எங்ககிட்ட இருக்கு. அதுல தொங்கற விசில் மட்டும் இல்ல. கயிறைக் கத்தியால அறுத்திருக்கு. உங்க குடும்பத்துல யாராவது ஞாபகார்த்தமா வெச்சிருந்தா குடுங்க. இப்ப போலீஸ் கேஸெல்லாம் கிடையாது மேடம். மரியாதையாக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெப்போம்."

எத்தனை வருஷம் கழித்து, எத்தனை மரியாதையோடு வந்து, அதே கேள்வி! சட்டைதான் காக்கியிலிருந்து வெள்ளையாகியிருந்தது.

"டீயக் குடிச்சுட்டுக் கெளம்புங்க சார்" என்றேன்.

போகும்போது வாசலில் திறப்பு விழா அழைப்பிதழை வைத்துவிட்டுப் போனார். அதைக் கிழிக்காமல் வைத்துக்கொண்டது என் புத்தி.

அந்தத் தை மாதத்தைச் சொல்கிறேன். எனக்கு அப்போது பத்து வயசு இருக்கும். தை மாதப் பனி என்றால் உங்களில் பலருக்குக் கோலமும் கரும்பும் ஞாபகம் வரும். எங்களுக்குப் பனி என்றால் எண்ணூர்ப் பக்கத்துப் புகையும் அதோடு சேர்ந்துகொண்டு தரையில் படுத்துக்கொள்ளும் ஒரு மஞ்சள் மூட்டம். தொண்டையில் துரு ருசிக்கும். கருவாடு காயாது, ஈரத்திலேயே கிடந்து நாறும். எதிரில் வருபவர் முகம் தெரியாமல் இருமலை வைத்தே ஆளைக் கண்டுபிடிப்போம்.

அந்த வருஷம் விமானங்கள் நிறைய வந்தன. பயிற்சி என்றார்கள். இரண்டிரண்டாகக் கடல் மேல் தாழப் பறந்து திரும்பும். நாங்கள் கீழே ஓடிக்கொண்டே கையாட்டுவோம். உள்ளே இருப்பவர் எங்களைப் பார்த்துத் திருப்பிக் கையாட்டினார் என்று சத்தியம் செய்கிற பிள்ளைகள் இருந்தார்கள். அதில் நானும் ஒருத்தி. இப்போது யோசித்தால், அந்த வேகத்தில் அவர்கள் கண்ணுக்குக் குப்பமே ஒரு அழுக்குத் திட்டாகத்தான் தெரிந்திருக்கும்.

ஒருநாள் காலையில், பனி நன்றாக மூடியிருந்தபோது, கடல் பக்கம் திடும் என்று சத்தம் கேட்டது. கரையில் லாரியிலிருந்து பாறாங்கல் கொட்டுகிற காலம் அது. இன்னொரு லோடு என்று நினைத்து அவரவர் வேலையைப் பார்த்தோம். நைனாவும் சித்தப்பாவும் கட்டுமரத்தில் தூண்டிலுக்குப் போயிருந்தார்கள். எப்போதும் மற்றவர்களுக்கு முன்னால் திரும்பிவிடும் எங்கள் மரம் அன்றைக்கு எல்லோருக்கும் கடைசியாக, பனி கலைந்த பிறகு வந்தது. நடுவில் ஒரு ஆளைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள்.

மஞ்சள் நிறத்தில் உப்பிய சட்டை. ஒரு காலில் பூட்ஸ், இன்னொரு காலில் வெறும் வெள்ளைச் சாக்ஸ். இடது மணிக்கட்டில் வாட்ச் கட்டியிருந்த இடம் மட்டும் வெளுத்து, ஒரு பட்டையாகத் தெரிந்தது. வாட்ச் இல்லை. நான் ஆட்களின் இடுக்கில் புகுந்து முன்னால் நின்றிருந்தேன், என் கண்ணால் பார்த்தேன். கடல் விரலில் இறுகிய மோதிரத்தையே கழற்றும், வாட்ச் எம்மாத்திரம்! ஆனால் கடலைக் கூண்டில் ஏற்ற முடியாதே.

கடல் கொண்டுவந்து சேர்த்த பிணத்தை எங்கள் குப்பத்தில் அனாதையாகக் கிடத்த மாட்டார்கள். யார் பெற்ற பிள்ளையோ, பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழவேண்டும். அம்மா பாய்த்துணியை மடித்து அந்த ஆளின் தலைக்குக் கீழே வைத்தாள், மூக்கில் இருந்த நுரையைத் துடைத்தாள், பிறகு உட்கார்ந்து தன் சொந்தத் தம்பிக்கு அழுவதுபோல அழுதாள். நைனா தள்ளி நின்றார். நனைந்த துணியோடு நடுங்கிக்கொண்டு, யார் என்ன கேட்டாலும் "செத்துக் கெடந்தான், இட்டாந்தேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். எங்கள் ஊர்த் தலைவரான நாட்டார் போலீசுக்கு ஆள் அனுப்பினார்.

பிணத்தை எடுத்துப் போன பிறகு விமானப்படை லாரி வந்தது. கரை ஒதுங்கிய விமானத் துண்டுகளை வீடு வீடாகப் போய் வாங்கினார்கள். எங்கள் ஆட்களும் லேசுப்பட்டவர்களா? இரண்டு நாளில் அந்த விமானம் குப்பத்துச் சாமானாகியிருந்தது. கோழிக் கூண்டுக்குக் கதவு ஒன்று, பானைக்கு மூடி ஒன்று. எதிர்வீட்டுப் பெரியம்மா இறக்கையின் ஒரு பெரிய தகட்டில் இறால் காயப்போட்டிருந்தாள். "காயட்டும், சாயங்காலமா வந்து எட்த்துகினு போ" என்று அந்த ஜவானிடம் சண்டை போட்டாள். அவர் பாவம், இறாலைக் கையால் அள்ளிப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தகட்டை எடுத்துக்கொண்டு போனார்.

சிரித்தது அதோடு சரி. மறுநாள் போலீஸ் வந்தது.

ஜாக்கெட்டைப் பார்த்தவர்கள் விசில் கயிறு கத்தியால் அறுபட்டிருப்பதைக் கண்டுபிடித்திருந்தார்கள். விசிலையே விடாதவன் வாட்சை விட்டிருப்பானா என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கில் தப்பு இருப்பதாக இன்றைக்கு டீச்சராக யோசித்தாலும் எனக்குச் சொல்ல வரவில்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

"கயிற அறுத்தது யார்றா?"

நைனா கையில் இருந்த தூண்டிலைக் கீழே வைத்தார்.

"நீ அறுக்கலியா?"

"வாட்ச நான் எடுக்கல சார்."

"கயிறு?"

தலையைக் குனிந்துகொண்டார். இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஆமாம், அறுத்துப் போட்டேன் என்று ஒரு உண்மை சொல்லியிருக்கலாம். இரண்டும் இல்லாமல் கல் மாதிரி நின்ற மனிதரை எங்கள் கண் முன்னாலேயே இஸ்துக்கொண்டு போனார்கள்.

அவரை உள்ளே வைத்திருந்தபோதுதான் அந்தக் கார் வந்தது. கறுப்பு அம்பாசிடர். மணலில் சக்கரம் புதைந்து நின்றுவிட்டது. அதிலிருந்து இறந்துபோன பைலட்டின் தங்கை இறங்கினாள். காலேஜில் படிக்கிற வயசு, அழுது வீங்கிய கண், கையில் கண்ணாடி வளையல். எவ்வளவு அழகாக இருந்தாளோ அவ்வளவு எனக்கு அவளைப் பிடிக்காமல் போயிற்று. ஏனென்றால் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்ததும் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். அவள் அண்ணன் கிடந்த இடத்தில் மூக்கைத் திறந்துகொண்டு எங்கள் அம்மா அழுதிருக்கிறாள்.

முதலில் தன்மையாகத்தான் பேசினாள். "அந்த வாட்ச் எங்கப்பா வாங்கிக் குடுத்தது. அம்மா அதைக் கேட்டு அழுதுகிட்டே இருக்காங்க. நீங்க குடுத்துட்டா நானே போலீஸ்ல பேசி உங்க வீட்டுக்காரரை விடச் சொல்றேன்."

"எங்களாண்ட இல்ல தாயி. என் பொண்ணு மேல சத்தியமா இல்ல."

"பொய் சொல்லாதீங்க. கயிறை அறுத்திருக்கு."

"அவுரு அப்டி ஆளு இல்லம்மா. ஒன் அண்ணன இட்டாந்தவரே அவுருதான்."

"இட்டாந்தார், எடுத்துக்கிட்டுதானே இட்டாந்தார்?"

அம்மா வீட்டுக் கதவை முழுசாகத் திறந்துவிட்டாள். கூட வந்த போலீஸ்காரர் பாயை உதறினார், கூரையில் கையை விட்டுத் துழாவினார். அந்தப் பெண் அடுப்பு மூலையில் இருந்த உப்புப் பானையைத் தன் கையாலேயே எடுத்துக் கவிழ்த்தாள். ஈர உப்பு கட்டி கட்டியாக மண் தரையில் விழுந்தது. அதை விரலால் கிளறிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. எழுந்து, கையைத் தட்டிக்கொண்டு, எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். நாங்கள் பிள்ளைகளாகச் சேர்ந்து அந்தக் காரைத் தள்ளிவிட்டோம், நானும்தான். இதை நினைத்தால் இன்றைக்கும் என் கை மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

குப்பமாவது எங்கள் பக்கம் நின்றதா? போலீஸ் எல்லார் வீட்டையும் குடைந்திருந்தது. "ஒன்னால எங்க வூட்டுக்குள்ளயெல்லாம் பூட்ஸ் காலு பூந்துச்சு" என்று நாட்டாரே சொன்னார். பஞ்சாயத்தில் எங்கள் வீட்டோடு யாரும் சேர்ந்து வலை போடக்கூடாது என்று முடிவாயிற்று. அந்தப் பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து அழுத பெண்களே அம்மா குழாயடிக்கு வந்தால் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். உறவு, குப்பத்து ஒற்றுமை என்று யாராவது என்னிடம் ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவது இதனால்தான்.

வாட்ச் கிடைக்காமல், வேறு வழியில்லாமல் நைனாவை விட்டார்கள். பாதம் இரண்டும் வீங்கி, தரையில் வைக்க முடியாமல் வந்தார். அம்மா கடன் வாங்கிய மீனைக் கூடையில் வைத்துக்கொண்டு காலாடிப்பேட்டைப் பக்கம் விற்கப் போய்விடுவாள். உப்பைச் சட்டியில் வறுத்துத் துணியில் கட்டி நைனாவின் காலுக்கு ஒத்தடம் கொடுப்பது என் வேலை. அப்படி ஒரு மத்தியானம் நான் அடுப்படியில் உப்பு வறுத்துக்கொண்டிருந்தபோது சித்தப்பா குடித்துவிட்டு வந்து நைனாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். நடுவில் ஒரு ஓலைத் தட்டிதான். நான் இருப்பது இரண்டு பேருக்கும் ஞாபகம் இல்லை.

"ண்ணா, சொல்லிடலாம்ணா. வெறும் விசிலுதான், கடல்ல கடாசிட்டோம்னு சொன்னா வுட்டுடப் போறான். இன்னாத்துக்கு இம்மா அடி வாங்கிகினு கீற?"

"ஏன் கடாசினன்னு கேப்பான்."

"சீட்டி கரைக்கு வரக்கூடாது, அது எங்க பயக்கம்னு சொல்லு."

"எங்கேந்து எடுத்தன்னு கேப்பான். பல்லுல கடிச்சிகினு இருந்தான், அதுலேந்து இஸ்தேன்னு சொல்லவா?"

சித்தப்பா அழ ஆரம்பித்தார்.

உங்களுக்குப் புரியவேண்டும் என்பதற்காக எங்கள் ஊர்ப் பயத்தைச் சொல்லிவிடுகிறேன். மரத்தில் போகிறவன் சீட்டியடிக்கக் கூடாது. அது எங்கள் குப்பத்தில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். கடலில் செத்து, காரியம் செய்யப்படாமல் கிடக்கிறவர்கள், பனி மூட்டத்தில் துணைக்கு ஆள் தேடிச் சீட்டியடிப்பார்கள் என்று நம்பினோம். அது காதில் விழுந்தால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு, முதுகைக் காட்டி, ஒரு வார்த்தை பேசாமல் எதிர்ப்பக்கம் போய்விட வேண்டும். திரும்பிப் பார்த்தவன் அடுத்த பனிக்கு இருக்க மாட்டான். எங்கள் ஊரில் இதை யாரும் கதையாகச் சொல்வதில்லை, துடுப்பு போடக் கற்றுக்கொடுக்கும்போதே கூடச் சேர்த்துக் கற்றுக்கொடுப்பார்கள்.

அன்றைக்குப் பனிக்குள் இருந்த இரண்டு பேர் காதிலும் அது விழுந்திருக்கிறது.

"ஓட்றா ஓட்றான்னு நாந்தான் ண்ணா கத்தினேன். எம்மேல பழியப் போடு" என்றார் சித்தப்பா.

"நீ கத்தின. நான் துடுப்பு போட்டேன்." நைனாவின் குரல் மெதுவாகத்தான் இருந்தது. "பேய்க்கு மூச்சு வாங்குமாடா? அவன் வாங்கிகினு இருந்தான். ஊதறான், நிக்கறான், ஊதறான். அப்பவே எனக்குத் தெரிஞ்சி போச்சு, இது ஆளுன்னு. தெரிஞ்சும் இன்னும் கொஞ்ச தூரம் போட்டேன்டா."

"திரும்பினல்ல? நான் கையப் புட்ச்சேன், மீறித் திரும்பினல்ல?"

"எப்ப திரும்பினேன்? சீட்டி நின்னப்புறம். பனில எங்க தேடறது? பாத்தப்ப ஒடம்பு சூடா இருந்திச்சு. சூடு ஆறலடா."

என் சட்டியில் உப்பு படபடவென்று வெடித்தது.

"அந்தப் பொண்ணு வந்திச்சாமே வூட்டுக்கு. அதாண்ட போயி, ஒன் அண்ணன் கூப்ட்டுகினே இருந்திச்சு, நாங்க காதுல வாங்கிகினே ஓடிட்டோம்னு சொல்லச் சொல்றியா? திருடன்னா ஒதைச்சிட்டு வுட்டுடுவான். நான் திருடனாவே இருந்துட்டுப் போறேன். நீ வாயத் தொறந்த, ஒன்ன வெட்டிருவேன்."

சித்தப்பா அந்த வாரமே காசிமேட்டுக்குப் போய் விசைப்படகில் சேர்ந்துகொண்டார், பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவேயில்லை. நைனா கால் சரியானதும் மரத்தை விற்றுவிட்டு, கரையில் கல் கொட்டுகிற லாரிக்குக் கூலிக்குப் போனார். கடல்காரன் கடலுக்குத் தடுப்பு கட்டப் போனான் என்று அதற்கும் சிரித்தார்கள். நான் டீச்சர் டிரெயினிங்கில் இருந்தபோது இறந்தார். அம்மா கடைசி வரைக்கும் தன் புருஷன் ஒரு பாவமும் அறியாதவர் என்று நம்பிக்கொண்டே செத்தாள். நான் அதில் கை வைக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் என்னை 'வாட்ச் திருடன் பொண்ணு' என்பார்கள். அடித்திருக்கிறேன், கடித்திருக்கிறேன், ஒருத்தியின் காதுத் தோட்டைப் பிய்த்திருக்கிறேன். ஆனால் பதில் மட்டும் சொன்னதில்லை. சொல்வதற்கு என்னிடம் இருந்த பதில் அதைவிட மோசம். ஒரு பத்து வயசுப் பெண், அப்பா திருடனாக இருக்கட்டுமா, கூப்பிட்ட குரலுக்கு முதுகைக் காட்டியவராக இருக்கட்டுமா என்று தினமும் யோசித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். இதைத்தான் நீங்கள் பொற்காலம் என்கிறீர்கள்.

காட்சிக்கூடத்துக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. பஸ்ஸை மாற்றி மாற்றி அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்ந்தபோது திறப்பு விழா முடிந்து கேசரி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஏசி போட்டு, தரை பளபளவென்று இருந்தது. அங்கே எதிலும் ஒரு நாற்றமும் இல்லை. பெரியம்மா இறால் காயப்போட்ட தகடு மாதிரியே ஒன்றுக்குக் கீழே விளக்கு எரிந்தது.

நடுவில் கண்ணாடிப் பெட்டி. அந்த மஞ்சள் ஜாக்கெட் வெளிறிப்போய், காற்று இறங்கிச் சப்பையாகக் கிடந்தது. தோள் பக்கத்தில் அறுபட்ட கயிறு. பக்கத்தில் போர்டு. 'விமானம் கடலில் மோதிய கணத்திலேயே வீரமரணம் எய்தினார். அவரது கைக்கடிகாரமும் விசிலும் உள்ளூர்வாசிகளால் அகற்றப்பட்டன.'

பரீட்சைப் பேப்பர் திருத்துகிறவள் மாதிரி இரண்டு முறை படித்தேன். இரண்டு வாக்கியம், ஒன்று முழுப் பொய், மற்றது பாதிப் பொய். ஆபீசரைக் கூப்பிட்டேன்.

"உள்ளூர்வாசின்னா யாரு சார்?"

"பேர் எதுவும் போடலையே மேடம். பொதுவாத்தான்..."

"மூட்டு தேஞ்ச கால வெச்சுகிட்டு இவ்ளோ தூரம் வந்திருக்கேன். பொதுவாவா வந்தேன்?"

அவருக்குச் சங்கடமாகிவிட்டது. "நடந்தது வேறன்னா சொல்லுங்க, உடனே மாத்திடறோம். நீங்க ஒண்ணுமே சொல்லலைன்னா நாங்க பழைய ரிப்போர்ட்ல இருக்கறதைத்தானே போட முடியும்?" என்றார். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது, அதனாலேயே எனக்கு இன்னும் கோபம் வந்தது.

அப்போது பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு வயசான அம்மா எழுந்தார். கைத்தடி, காது மெஷின், மெலிந்து போன உடம்பு. முகம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஜாக்கெட்டைப் பார்த்து நின்ற நிற்பு தெரிந்தது.

"நீங்க அந்தக் குப்பத்துப் பொண்ணா?" என்று கேட்டார்.

"நீங்க உப்புப் பானையக் கவுத்தீங்களே, அந்த வூட்டுப் பொண்ணு."

"ஆமா, கவுத்தேன்" என்றார். மன்னிப்பு எதுவும் இல்லை. "அந்த வாட்சை என்ன பண்ணீங்க?"

அவ்வளவுதான். பஸ்ஸில் வரும்போது நிதானமாகப் பேசவேண்டும் என்று நினைத்திருந்ததெல்லாம் போயிற்று. ஆபீசரைத் தள்ளி நிற்கச் சொன்னேன். அந்த அம்மாவின் காது மெஷின் பக்கமாகப் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கல் கொட்டுகிற சத்தம் மாதிரி கேட்டது, பனி, சீட்டி, எங்கள் பயம், முதுகைக் காட்டியது, நைனா திரும்பியது, விசிலைப் பல்லிலிருந்து எடுத்தது, அதை ஊருக்குள் கொண்டுவரக் கூடாது என்று அறுத்துக் கடலில் போட்டது, அதற்காக வாங்கிய அடி. அவருக்கு வலிக்கவேண்டும் என்றுதான் சொன்னேன். மறைக்கவில்லை. என் அம்மாவின் வீட்டை அவர் கிளறியதற்கு நான் கொடுக்கிற பதில் என்று நினைத்துத்தான் ஒவ்வொரு வார்த்தையையும் சொன்னேன்.

அவர் முழுசாகக் கேட்டார். பிறகு, "எவ்வளவு நேரம் ஊதினான்?" என்றார்.

"தெரியாது. பனி கலையறதுக்குள்ள நின்னுடுச்சு."

கண்ணாடிப் பெட்டியில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார். "உடனே செத்துட்டான்னு இவங்க எழுதியிருக்கறது பொய்னு எங்களுக்கு அப்பவே தெரியும். டாக்டர் அப்பாகிட்ட சொல்லிட்டார், கொஞ்ச நேரம் உயிரோட இருந்திருக்கான்னு. அம்மா கேட்டுக்கிட்டே இருப்பாங்க, புள்ள கத்தியிருப்பானா, கூப்பிட்டிருப்பானான்னு. நான்தான் சொல்லுவேன். நடுக்கடல்மா, சுத்தி யாருமே இல்ல, யாருக்கும் கேட்டிருக்காது, யார் மேலயும் தப்பில்லன்னு. சொல்லிச் சொல்லி நானும் நம்பிட்டேன். அதை நம்பித்தான் இத்தனை வருஷம் தூங்கறேன்."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"உங்கப்பா திருடனாவே இருந்திருக்கலாம்" என்றார்.

ஓலைத் தட்டிக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டு நைனா கேட்டதும் அதைத்தான். இந்தப் பெண்ணுக்காகத்தான் அவர் அடி வாங்கினார், கடைசி வரை வாயை மூடிக்கொண்டு கல் சுமந்தார். அவர் இந்த அம்மாவுக்குக் கொடுத்திருந்த தூக்கத்தை, நான் பஸ் ஏறி வந்து பிடுங்கிவிட்டேன். அந்த அம்மா மேல் எனக்கு அப்போதும் இரக்கம் வரவில்லை. என் மேலும் வரவில்லை. எங்கள் நைனாவின் மேல் மட்டும், வாழ்க்கையில் முதல் தடவையாக, கோபம் இல்லாமல் இருந்தது.

ஆபீசர் பேனாவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். "பேசிட்டீங்களா மேடம்? என்ன மாத்தணும்னு சொன்னீங்கன்னா, நாளைக்கே புது போர்டு."

அந்த அம்மா கைத்தடியை இறுகப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் மாத்த வேணாம் சார்" என்றேன். "எங்க நைனாதான் எடுத்தாரு. விசிலு, வாட்சு, ரெண்டையும். வித்துத் தின்னுட்டோம்."

அதையும் உங்கள் ஞாபகமாகப் பதிவு செய்துகொள்ளலாமா என்று ரொம்பப் பணிவாகக் கேட்டார் அந்த மனிதர். எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.